2012இல் நடந்தது தடை இல்லை

காக்கா, 'பி.எஸ்.ஏ. டெஸ்டை அமெரிக்கா 2012லேயே தடை செய்துவிட்டது, இங்கே லேப்காரன் பிழைக்கத்தான் எடுக்கச் சொல்கிறான்' என்று எழுதியிருக்கிறீர்கள். பி.எஸ்.ஏ. என்பது ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் புற்று இருக்குமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. நீங்கள் எழுதியது பாதி உண்மை. லேப் பிழைப்பு பற்றி நான் வாதாட வரவில்லை.

அந்த ஆண்டு அங்குள்ள தடுப்பு மருத்துவப் பணிக்குழு சொன்னது பரிந்துரை மட்டுமே: அறிகுறி இல்லாத ஆண்களுக்கு வழக்கமாக இந்த ரத்தப் பரிசோதனை வேண்டாம். காரணமும் நியாயமானது. மெதுவாக வளர்ந்து ஆளைக் கொல்லாத புற்றையும் அது பிடித்துவிடும். அதற்காகச் செய்யும் அறுவைக்குப் பிறகு சிறுநீர் கசிவு, ஆண்மைக் குறைவு என்று சிலர் வாழ்நாள் முழுக்க அவதிப்படுவார்கள். அறிவிப்புக்குப் பின் அங்கே பரிசோதனை செய்துகொள்வோர் குறைந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளில், முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படும் புராஸ்டேட் புற்று கூடத் தொடங்கியது. அதற்கு இது ஒன்றே காரணமா என்பதில் இன்னும் வாதம் உண்டு.

நீங்கள் விட்டது 2018. அதே குழு மாற்றிச் சொன்னது: 55 முதல் 69 வயதுவரை, மருத்துவரோடு பேசி அவரவர் முடிவு செய்யலாம், 70க்கு மேல் வழக்கமாக வேண்டாம்.

அப்புறம், இதெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு. எங்கள் மண்டபம் ஊரில் கடலுக்குப் போகும் பெரியவர்கள், சிறுநீர் கழிக்க இரவில் நாலு தடவை எழுந்தாலும் 'வயசாச்சுல்ல' என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது புராஸ்டேட்டின் சாதாரண வீக்கம்தான், புற்று இல்லை. ஆனாலும் சிறுநீர் தடைபட்டாலோ ரத்தம் வந்தாலோ காட்டியே ஆகவேண்டும். அவர்களிடம் போய் 'தடை' என்று சொல்லாதீர்கள், காக்கா.