கோவையில் வென்ற கோப்பையும் மேலே போக இல்லாத வழியும்

2019 மார்ச் 9 அன்று மாலை கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் இருந்தவர்களில் நானும் ஒருவன். வ.உ.சி. பூங்காவை ஒட்டி, சுற்றிலும் கடைகள் சூழ்ந்திருக்கும் அந்த அரங்கில், கோவையில் ஆடிவந்த சென்னை சிட்டி, தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் கோப்பையை வென்றதை நேரில் பார்த்தேன். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் அணி அதை வென்றது அதுவே முதன்முறை. அந்தப் பருவத்தை ஒரு சின்ன அணியின் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தியக் கால்பந்தின் அமைப்பில் எங்கே கோளாறு இருந்தது என்பதை அந்த ஓர் ஆண்டைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டவில்லை என்பதே என் கருத்து.

கடைசி நாள் தொடங்கும்போது சென்னை சிட்டி அணிக்கு 40 புள்ளிகள், கொல்கத்தாவின் கிழக்கு வங்காள (ஈஸ்ட் பெங்கால்) அணிக்கு 39. இங்கே எதிரணி, முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கிழக்கு வங்காளம் கோகுலம் கேரளாவுடன் மோதிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கிய 3-ஆவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். இடைவேளை வரை அந்த ஒரு கோல் அப்படியே நின்றது. எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், கையில் இருந்த துண்டை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் இருந்த பையன் கைப்பேசியில் கோழிக்கோட்டு நிலவரத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். 56-ஆவது நிமிடத்தில் பெத்ரோ மான்சி பெனால்ட்டியில் கோல் அடித்துச் சமன் செய்தபோதுதான் அரங்கத்துக்கு மூச்சு வந்தது. அடுத்த இரண்டு கோல்களையும் அடித்தவர், கோல் போடுவதற்காக அறியப்படாத, தற்காப்பு வீரரான அசாமின் கௌரவ் போரா. ஒன்று 69-ஆவது நிமிடத்தில், மற்றொன்று ஆட்டம் முடியும் தறுவாயில். கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த கிழக்கு வங்காளமும் கடைசிக் கட்டத்தில் இரண்டு கோல் அடித்து வென்றுவிட்டது. ஆகவே இங்கே ஆட்டம் சமனில் முடிந்திருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். முடிவு 43-க்கு 42.

ஒரு புள்ளி வித்தியாசம் என்பதால் அதைத் தற்செயல் என்று சொல்வது நியாயமாகாது. 20 ஆட்டங்களில் 13 வெற்றி. கிழக்கு வங்காளத்தை உள்ளூரில் ஒருமுறை, கொல்கத்தாவில் ஒருமுறை என இரண்டு முறையும் 2-1 என வென்ற அணி இது. அதற்கு முந்தைய பருவத்தில் 8-ஆவது இடத்தில் முடித்திருந்த அணியை, சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பின்னாலிருந்தே பந்தைத் தரையோடு கடத்தி ஆடும் அணியாக மாற்றியிருந்தார். உருகுவேயில் பிறந்த மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். ஸ்பெயினின் நெஸ்டர் கோர்டில்லோவும் சாந்த்ரோ ரொட்ரீகஸும் நடுக்களத்தைக் கையில் வைத்திருந்தார்கள். வெளிநாட்டவரால்தான் வென்றார்கள் என்று அப்போதே சிலர் சொன்னார்கள். நம் எட்வின் சிட்னி வான்ஸ்பாலும் அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பருவம் முழுவதுமே வளமானது. முதன்முறையாக ஆட வந்த ரியல் காஷ்மீர் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்கு முன் ஐஸால், பிறகு மினர்வா, பிறகு சென்னை சிட்டி என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள், அதுவரை வென்றிராத அணிகளே கோப்பையைக் கொண்டுபோயின. இப்படிப்பட்ட போட்டியில்தான், பருவத்தின் நடுவிலேயே தொலைக்காட்சி ஒளிபரப்பு சுருக்கப்பட்டு, மீதமிருந்த ஆட்டங்களில் ஒரு பகுதி மட்டும் காட்டப்பட்டது. வீட்டில் இருந்து பார்க்க முடியாத ஆட்டத்துக்கு ரசிகர் எங்கிருந்து பெருகுவார்கள்?

என் வாதத்துக்கு ஆதாரமாக நான் முன்வைக்க விரும்புவது ஏப்ரல் மாதம் புவனேசுவரத்தில் நடந்த ஓர் ஆட்டத்தை. இரண்டு லீக் அணிகளும் கலந்து ஆடும் சூப்பர் கோப்பையின் காலிறுதியில் சென்னை சிட்டிக்கு எதிரே நின்றது, ஐ-லீக்குக்குப் புறம்பாகத் தனியே நடந்த இந்தியன் சூப்பர் லீக்கின் பட்டத்தைச் சில வாரங்களுக்கு முன்புதான் வென்றிருந்த பெங்களூரு அணி. சுனில் சேத்ரி ஆடிய அணி. இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் நேருக்கு நேர் மோதிய அந்த ஆட்டத்தில் சென்னை சிட்டி 2-1 என வென்றது. பெங்களூருவும் ஐ-லீக்கை இரண்டு முறை வென்ற அணிதான். ஆனால் அது 2017-இல் சூப்பர் லீக்குக்குப் போனது அந்த வெற்றியின் பலனாக அல்ல, ஏலத்தில் கலந்துகொண்டு, பணம் கட்டி. களத்தில் வென்று மேலே போகும் வழி என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை. 2019-இன் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட திட்டத்தில், ஆசியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் வாய்ப்பும் சூப்பர் லீக்கின் கைக்குப் போயிற்று. ஐ-லீக் வெற்றியாளர் என்ற தகுதியில் அந்த வாய்ப்பைப் பெற்ற கடைசி அணி சென்னை சிட்டிதான். 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியுடன் ஆடிய தகுதிச்சுற்றில் 0-1 எனத் தோற்றார்கள். மான்சி அதே மாதம் ஜப்பானுக்குப் போய்விட்டார். எட்வின் அதற்கு முன்பே 'சென்னையின் எஃப்.சி.' என்ற சூப்பர் லீக் அணிக்குப் போயிருந்தார்.

கோப்பை வென்ற அந்தப் பருவத்திலேயே சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் இந்த அணியில் 26 விழுக்காடு பங்கு வாங்கியிருந்தது. அப்படி ஒரு நம்பிக்கையோடு தொடங்கிய அணி, 2021-22 பருவத்தின் ஐ-லீக் பட்டியலில் இல்லை. நிர்வாகத்தின் தவறுகளும் இதில் இருந்திருக்கலாம். அவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் நாட்டின் சாம்பியனுக்கு அடுத்த படியே இல்லாத ஓர் அமைப்பில், நல்ல வீரரை எதைச் சொல்லித் தக்கவைப்பது, முதலீட்டாளரிடம் எதைக் காட்டிப் பணம் கேட்பது என்பதற்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை.

ஐ-லீக்கை வென்று சூப்பர் லீக்குக்கு ஏறும் வழி 2023-இல்தான் திறந்தது. 2022-23 பட்டத்தை வென்று அந்த வழியில் முதலில் போன அணி பஞ்சாப். 2019 மார்ச்சில் கோவையில் தோற்றுப்போன அதே மினர்வாதான் பெயர் மாறி, உரிமை மாறி அங்கே போய்ச் சேர்ந்தது. அன்று அவர்களை வென்ற அணிக்கு அந்த வழி நான்கு ஆண்டுகள் தாமதமாகிவிட்டது.