ஜீரோ டர்ன் சரிவில் கவிழாதா?

"ஐந்து ஏக்கர் இடமா? உட்கார்ந்து ஓட்டும் ஜீரோ டர்ன் புல்வெட்டி வாங்குங்கள். நின்ற இடத்திலேயே திரும்பும், அதனால் சரிவிலும் கவிழாது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. சமதளமாக இருந்தால் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி ஆபத்தான தவறு.

பெரும்பாலான ஜீரோ டர்ன் வண்டிகளின் முன்சக்கரங்கள் ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் மாதிரி, தாமாகச் சுழல்பவை. ஸ்டியரிங்குக்குப் பதில் கை லீவர்கள் இருக்கும்; அவற்றின்படி திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள்தான். சரிவில் இறங்கும்போது எடை முன்பக்கம் போய்விடும். ஈரப்புல்லில் பின்சக்கரம் பிடிப்பை விட்டால் லீவரை எப்படி இழுத்தாலும் வண்டி சறுக்கிக்கொண்டே போகும், கவிழவும் கூடும். கீழே குளம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் ஓட்டக் கூடாது என்கின்றன. அதாவது 10 அடி தூரத்துக்குச் சுமார் 2.7 அடி ஏற்றம். கண்ணுக்குச் சாதாரண மேடாகத்தான் தெரியும். சரிவில் நேரான பலகை ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் போனை வைத்து, சாய்வைக் காட்டும் லெவல் ஆப்பில் பாருங்கள்.

மேடு பள்ளம் அதிகமென்றால் ஸ்டியரிங் வைத்த லான் டிராக்டர் (புல் வெட்டும் சிறு டிராக்டர்) தேவலை. அதற்கும் வரம்பு உண்டு. குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாகத்தான் வெட்ட வேண்டும்.