டேவிட் கெல்லி விவகாரம்: ஒரு பஹாய் சமூகம் எதைச் சொல்லலாம், எதை விடலாம்

டேவிட் கெல்லியின் மரணம் பற்றிய பேச்சு எங்கே கிளம்பினாலும் பாதி வழியில் இந்த வாதம் வந்து நிற்கும்: "அவர் பஹாய். அந்த மதத்தில் தற்கொலைக்குத் தடை. ஆகவே அது தற்கொலையாக இருக்க முடியாது." 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் இது ஓயவில்லை. இதில் பஹாய் சமூகம் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. கெல்லி பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் உயிரி ஆயுத நிபுணர், ஐ.நா. ஆய்வாளராக இராக்குக்குப் பலமுறை போய் வந்தவர். இராக் ஆயுதங்கள் பற்றிய அரசு ஆவணத்தைக் கேள்வி கேட்டு 2003 மே 29 அன்று பிபிசி வானொலி ஒலிபரப்பிய செய்திக்கு அவர்தான் மூலம் என்று பெயர் வெளியே வந்தது. ஜூலை 15 அன்று நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. 18 அன்று ஆக்ஸ்போர்டுஷயரில் வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் உடல் கிடைத்தது. வயது 59. அவர் பஹாய் சமயத்தில் சேர்ந்தது 1999இல், அமெரிக்காவில்.

ஊடகங்களுக்கு "பஹாய்" என்று புதிதாக ஒரு சொல் கிடைத்துவிட்டது. இதுபோன்ற நேரத்தில் "இஸ்லாத்தின் ஒரு பிரிவு", "இரகசியக் குழு" என்ற இரண்டு தவறுகளும் கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டு ஈரானில் பஹாவுல்லாவின் போதனைகளிலிருந்து எழுந்த தனிச் சமயம் இது. "பிரிவு" என்று எழுதுவது தகவல் பிழை, திருத்தம் கேட்கலாம். "இரகசியம்" என்பது பெரும்பாலும் பத்தொன்பது நாள் விருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டதால் வருவது. பஹாய் நாட்காட்டியில் மாதத்துக்கு 19 நாள். மாதம் ஒருமுறை விருந்து. அதில் பிரார்த்தனை, கலந்தாய்வு, உபசரிப்பு என மூன்று பகுதிகள். கலந்தாய்வு உறுப்பினர்களுக்கு மட்டுமானது. ஆகவே நிருபர் வந்து பார்க்கலாமா என்று கேட்டால் விருந்துக்கு அழைக்காதீர்கள்; யாரும் வரக்கூடிய பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அழையுங்கள். விருந்துக்கு வந்துவிட்டு நடுவில் வெளியே போகச் சொல்லப்பட்டவர் என்ன தலைப்பு வைப்பார் என்று தெரியாதா?

இன்னொரு சிக்கல் இந்தச் சமயத்துக்கே உரியது. பஹாய் சமயத்தில் குருமார் கிடையாது. பாதிரியாரையோ இமாமையோ தேடி வரும் நிருபருக்கு அப்படி ஒருவர் இல்லை என்பது புரியாது. கையில் அகப்பட்ட முதல் பஹாய் மறுநாள் செய்தியில் "சமூகத் தலைவர்" ஆகிவிடுவார். உண்மையில் ஊர் ஆன்மீகச் சபை என்பது ஊர் பஹாய்கள் தேர்ந்தெடுக்கும் 9 பேர் கொண்ட நிர்வாகக் குழு. வேட்பாளர் இல்லை, பிரச்சாரம் இல்லை, ஆண்டுதோறும் இரகசிய வாக்கெடுப்பு. அதன் தலைவர் கூட்டத்தை நடத்துபவர், அவ்வளவுதான். தனியாக அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. சபையாகக் கூடி முடிவெடுத்தால்தான் அது சபையின் குரல். அதனால் முதல் சில மணி நேரத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: பேசுபவர் ஒருவர் என்று முடிவு செய்வது. நாடு முழுக்கப் பேசப்படும் மரணம் என்றால் அந்த ஒருவர் தேசிய ஆன்மீகச் சபையின் செயலாளர் அல்லது அதன் ஊடகத் தொடர்பாளர். ஊரில் உள்ள மற்ற எல்லோரும் சொல்ல வேண்டியது ஒரே வரி: "எங்கள் தேசிய அலுவலகத்தைக் கேளுங்கள், எண் இதோ." எண்ணை ஒரு தாளில் எழுதித் தொலைபேசிப் பக்கத்திலேயே வையுங்கள். பதற்றத்தில் தேடும் இடைவெளியில்தான் வாய் தவறும்.

அறிக்கை ஐந்தாறு வரிக்கு மேல் போகக் கூடாது. குடும்பத்துக்கு அனுதாபம், அவர் உறுப்பினர் என்பது (அதுவும் குடும்பம் சம்மதித்த பிறகு, அல்லது அது ஏற்கெனவே பொதுவில் வந்திருந்தால் மட்டும்), சமயம் என்ன என்பதற்கு இரண்டு வரி, விசாரணைக்கு முழு ஒத்துழைப்பு. போதும். அவர் கடைசியாக என்ன பேசினார், கூட்டத்தில் முகம் வாடியிருந்ததா, யாரைச் சந்தித்தார் என்பதெல்லாம் விசாரிப்பவர்களுக்கு. பத்திரிகைக்கு அல்ல. காவல்துறை கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிருபர் கேட்டால் சொல்லவே வேண்டாம். இரண்டும் முரண் இல்லை.

கெல்லி விஷயத்தில் ஹட்டன் பிரபு தலைமையிலான விசாரணையில் பிரிட்டன் தேசிய ஆன்மீகச் சபையின் செயலாளர் சாட்சியம் அளித்தார். அதுதான் சரியான இடம். அங்கே கேள்வி வரிசையாக வரும், பதில் முழுதாகப் பதிவாகும், யாரும் நடுவில் வெட்டி ஒட்ட முடியாது.

இறந்தவர் சபையின் பொருளாளராக இருந்தவர் என்று தெரிந்தால் பணத்தைப் பற்றிக் கேள்வி வரும். அதற்குப் பதில் எளிது: பஹாய் நிதிக்கு பஹாய்கள் மட்டுமே தர முடியும், யார் எவ்வளவு தந்தார் என்பது வெளியே சொல்லப்படுவதில்லை. வெளியார் பணம் உள்ளே வர வழியே இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள். இரகசியத்தை முதலில் சொன்னால் அது மட்டும்தான் அச்சாகும்.

இப்போது அந்த வாதத்துக்கு வருவோம். பஹாய் போதனை தற்கொலையைத் தடை செய்கிறது. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தடை இருப்பதாலேயே ஒருவர் அதைச் செய்யவே மாட்டார் என்று சொல்ல முடியுமா? கத்தோலிக்கத்திலும் இஸ்லாத்திலும் தடை உண்டு; அங்கெல்லாம் இந்த வாதத்தை யாரும் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. மனம் நொந்த மனிதரின் நிலையை வேதவரியை வைத்து அளக்க முடியாது. ஆகவே செயலாளர் சொல்லக்கூடியது: "போதனை இது. அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். அவர் ஆன்மாவுக்காகப் பிரார்த்திக்கிறோம்." இதற்கு மேல் ஒரு சொல் போனாலும் ஒரு தரப்பின் கொடியைத் தூக்கியதாகிவிடும். கட்சி அரசியலில் இறங்காத சமூகம், பிரதமரையும் பிபிசியையும் இழுத்த ஒரு சண்டையில் தன்னை அறியாமலே இறங்கியிருக்கும். "சமயம்தான் அவரை அழுத்தியது" என்ற எதிர்வாதத்துக்கும் இதே பதில்தான்.

அடக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். பஹாய் சட்டப்படி எரிக்கக் கூடாது. இறந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் புதைக்க வேண்டும். 15 வயது நிறைந்தவர் என்றால் அடக்கத்துக்கு முன் இறந்தோருக்கான பிரார்த்தனையை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் நிற்பார்கள். அதில் ஆறு வரிகள், ஒவ்வொன்றும் 19 முறை. கெல்லி 2003 ஆகஸ்ட் 6 அன்று லாங்வொர்த் ஊர் தேவாலய மயானத்தில் அடக்கமானார். "அப்படியானால் அவர் உண்மையில் பஹாய்தானா" என்று எவராவது கேட்டால் அதற்குச் சபை பதில் தேடக் கூடாது. மனைவி மக்கள் வேறு சமயத்தவராக இருக்கும் வீடுகள் ஏராளம். சடங்குக்கு உரிமை கொண்டாடும் சமூகத்தைவிடப் பின்வரிசையில் நிற்கும் சமூகத்தின் மேல்தான் எனக்கு மரியாதை.

புகார் கொடுப்பதிலும் இதே அளவுகோல்தான். பிரிட்டனில் இன்று இப்ஸோ என்ற பத்திரிகை ஒழுங்குமுறை அமைப்பு பின்பற்றும் விதித்தொகுப்பில் 1ஆம் பிரிவு துல்லியம், 4ஆம் பிரிவு துக்கத்தில் தலையிடுவது, 5ஆம் பிரிவு தற்கொலைச் செய்தி. வெளியான 4 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். கட்டுரை இணையத்தில் இருந்தால் 12 மாதம் வரை ஏற்பார்கள். சமயத்தைப் பற்றிய தகவல் பிழைக்குச் சபை 1ஆம் பிரிவில் எழுதலாம். மற்ற இரண்டையும் குடும்பம் கேட்டுக்கொண்டால் ஒழிய அது தொடக் கூடாது.