பிரமாண்டம் எல்லாம் பகட்டு ஆகிவிடுமா?

ராக் இசையை நீண்ட, சிக்கலான, பிரமாண்டமான படைப்பாக்கும் பாணிதான் புரோகிரசிவ் ராக். அது மொத்தமும் கிட்ஷ், அதாவது மலிவான பகட்டு என்று நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். இந்தப் பாணியின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் 1975இல் லண்டன் வெம்பிளியில் ஆர்தர் மன்னன் கதையைப் பனிச்சறுக்கு ஆட்டத்தோடு மேடையேற்றினாரே, அதைச் சொன்னால் சரி, ஒத்துக்கொள்கிறேன். (அந்த ரெக்கார்டு இன்னும் என் அலமாரியில் இருப்பது வேறு விஷயம்.) ஆனால் அதே பாணியைச் சேர்ந்த கிங் கிரிம்சன் இசைக்குழு 1974இல் வெளியிட்ட 'ரெட்' ஆல்பத்தின் தலைப்பு இசையைக் கேளுங்கள். பாடல் வரி கிடையாது, குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பின் கரகரத்த கிட்டார்தான். கேட்பவரைக் குளிரவைக்கும் எண்ணமே அதில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனில் தைப்பூசக் காவடியில் மயிலிறகும் பூவும் குவிந்திருக்கும். அலங்காரம் அதிகம் என்பதால் அது போலியா? எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற குழு ரஷ்ய செவ்வியல் இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் இசையை ராக் ஆக்கியதைப் பற்றி வேண்டுமானால் சண்டை போடலாம், அதற்கு நான் தயார்.