வகுப்பு கொடுத்தார்கள், நாற்காலி?

இன்று இரண்டு நல்ல மனுஷிகளைக் கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன், திட்டுவதானால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சோஃபியா பேக்கர்ட், ஹேரியட் கைல்ஸ். அமெரிக்காவின் வடக்கே மாசசூசெட்ஸிலிருந்து தெற்கே அட்லாண்டாவுக்குப் போன வெள்ளைக்கார டீச்சர்கள். 1881 ஏப்ரலில் கறுப்பினத்தவரின் தேவாலயம் ஒன்றின் நிலவறையில் 11 பேரோடு பள்ளி தொடங்கினார்கள். வந்தவர்களில் பலர் அடிமைகளாக இருந்து விடுதலையான பெண்கள், பைபிளைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்று வந்தவர்கள். இருட்டும் ஈரமுமான அறை, இடம் போதாமல் நிலக்கரி கொட்டும் மூலையில்கூட ஒரு வகுப்பு நடந்ததாம். பேக்கர்ட்டுக்கு அப்போது 57 வயது, பேசாமல் ஊரிலேயே இருந்திருக்கலாம். (அந்த நிலவறையைக் கொடுத்தவர் ஃபிராங்க் குவார்ல்ஸ் என்ற கறுப்பினப் போதகர். யார் யாருக்கு உதவினார்கள் என்று கதை சொல்லும்போது இவரை மறந்துவிடுகிறோம்.) அதுதான் கறுப்பினப் பெண்களுக்கான இன்றைய ஸ்பெல்மன் கல்லூரி.

சரி, இதில் என்ன குறை? தலைவர் நாற்காலிதான். இவர்கள் இருவரையும் சேர்த்து, 1953 வரை அதில் உட்கார்ந்த நான்கு பேரும் வெள்ளைப் பெண்கள். கைல்ஸ் 1909-லேயே இறந்துவிட்டார், அதற்கப்புறம் நடந்ததற்கு அவரா பொறுப்பு என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் 1901-லேயே அங்கே கல்லூரிப் பட்டம் வாங்கிய கறுப்பினப் பெண்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துப் பழக்கி நாற்காலியைக் கொடுத்திருக்கலாமே? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்றும் கறுப்பினப் பெண்களுக்குத் துணை நிற்கிறேன் என்று ஒரு வெள்ளைப் பேராசிரியை சொன்னால் நான் பார்ப்பது இதைத்தான்: துறைத்தலைவர் பதவிக்குத் தன்னோடு வேலை பார்க்கும் கறுப்பினப் பெண்ணின் பெயரைச் சொல்வாரா, தானும் அதே பதவிக்கு ஆசைப்படும்போது?

1953-ல் வந்த ஆல்பர்ட் மேன்லி கறுப்பினத்தவர், ஆனால் ஆண். 1976-ல் அவருக்கு அடுத்தும் ஓர் ஆணைத் தேர்ந்தெடுத்தபோது மாணவிகளுக்குப் பொறுக்கவில்லை, அறங்காவலர்களைக் கூட்ட அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒரு நாளுக்கு மேல் உள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று அந்தப் பெரியவர்களுக்கு. அப்படியும் முடிவு மாறவில்லை.

1987-ல்தான் ஜானெட்டா கோல் வந்தார். கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரிக்குக் கறுப்பினப் பெண் ஒருவர் தலைவராக வர 106 வருஷம் ஆனது. மாணவிகள் அவரை 'சிஸ்டர் பிரசிடென்ட்' என்று கூப்பிட்டார்கள். அன்று கதவைப் பூட்டியவர்களுக்கு அதற்குள் முப்பது வயது தாண்டியிருக்கும்.