கோல்டு ஸ்டாண்டர்டு என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் 'கோல்டு ஸ்டாண்டர்டு'தான்; இதுதான் உச்சம், இதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். நீட் கோச்சிங், முடி சிகிச்சை, மெத்தை வரைக்கும் வந்துவிட்டது. எதிரில் இருப்பவர் வாயை மூட வைப்பதைத் தவிர அதில் வேறு சரக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தச் சொல் பணத்திலிருந்து வந்தது. நோட்டை நீட்டினால் குறிப்பிட்ட எடைக்குத் தங்கம் தருவதாக அரசுகள் சொல்லிவந்த ஏற்பாட்டுக்குத்தான் இந்தப் பெயர். பொருளாதார நெருக்கடி முற்றியதும் 1931இல் பிரிட்டன் கைவிரித்தது. டாலருக்கும் தங்கத்துக்கும் மிச்சமிருந்த முடிச்சை 1971 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் அவிழ்த்துவிட்டார். அசைக்க முடியாததற்கு உதாரணமாக இதையா பிடிப்பது!

மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்கு உருப்படியான வேலை உண்டு. புதிதாக வரும் பரிசோதனையை எதோடு ஒப்பிட்டு நம்புவது? அந்த அளவுகோலைத்தான் கோல்டு ஸ்டாண்டர்டு என்கிறார்கள். காசநோய்க்கு அது சளி கல்ச்சர். முட்டை கலந்து பச்சை நிறத்தில் சாய்வாக உறையவைத்த கலவை ஒரு சின்னப் பாட்டிலில் இருக்கும். அதில் சளியை இட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லி சளியில் 5,000 கிருமிகளாவது வேண்டும். கல்ச்சருக்கு 100 இருந்தாலே போதும். ஆனால் 'இல்லை' என்று சொல்ல 8 வாரம் ஆகும். அதுவரை எந்த டாக்டர் காத்திருப்பார்? சளியில் கிருமியின் மரபணுவைத் தேடி 2 மணி நேரத்தில் முடிவு சொல்லும் சிபிநாட் பரிசோதனையைப் பார்த்து மருந்தைத் தொடங்கிவிடுவார். குழந்தைகளுக்குச் சளியே சரியாக வராது, கிருமியும் குறைவு. நோய் இருந்தும் கல்ச்சரில் தப்பிவிடுவது சகஜம். இத்தனை ஓட்டைகளோடும் அதுதான் அளவுகோல்.

சிகிச்சையிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் காசநோய் என்றாலே சானடோரியம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. (தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.) 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மீதிப்பேர் நெரிசலான ஏழை வீடுகளிலேயே இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு. 1959இல் முடிவு வெளிவந்தது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். கூடவே இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

சானடோரியத்தை உச்சியில் வைத்த டாக்டர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. மருந்து வருவதற்கு முன்னால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. மருந்து வந்த பிறகும் அந்தக் கட்டில் தேவைதானா என்று யாராவது சரிபார்க்க வேண்டியிருந்தது. அதைத்தான் சென்னையில் செய்தார்கள்.