சூட்டுக்கு காரணம் தெர்மோஸ்டாட் நம்பர் இல்லண்ணே

அண்ணே, பர்மா வெயிலுக்கு லாரி இஞ்சின்ல 82 டிகிரி தெர்மோஸ்டாட் (தண்ணி சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடுற வால்வு) ஆகாது, 71 போடுங்க, இல்லன்னா கழட்டியே வீசுங்கன்னு எழுதிருக்கீங்க, தயவுசெஞ்சு யாரும் அப்படி செஞ்சுடாதீங்க. அந்த நம்பர் வால்வு திறக்க ஆரம்பிக்கிற சூடு, அவ்வளவுதான், இஞ்சின் அதுக்கு மேல ஏறாதுன்னு இல்ல. 82 போட்டாலும் 95 கிட்ட முழுசா திறந்துடும், அதுக்கப்புறம் ரெண்டும் ஒண்ணுதான். ஏப்ரல்ல மண்டலே ரோட்டுல லோடோட சூடு ஏறுதுன்னா ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப்ப பாருங்க.

கழட்டுறது இன்னும் மோசம். பழைய ஜப்பான் டீசல் லாரி பலதுல தெர்மோஸ்டாட் அடியில ஒரு தட்டு இருக்கும், சூடானதும் அது இறங்கி பைபாஸ் ஓட்டைய (தண்ணி ரேடியேட்டருக்கு போகாம திரும்புற குறுக்கு வழி) மூடும், அது இல்லன்னா சுடுதண்ணில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம திரும்ப இஞ்சினுக்கு வரும், சூடு கூடத்தான் செய்யும். லோடு இல்லாம ஓடுறப்ப குளிர்ந்தே ஓடி, டீசல் சரியா எரியாம ஆயில்ல கலந்து லைனரும் (சிலிண்டரோட உள்சுவர்) தேயும்.

மேனுவல்ல உள்ள நம்பரையே வாங்குங்க, விளிம்புலயே அடிச்சிருக்கும். மாட்டுறதுக்கு முன்னாடி நூல்ல கட்டி சட்டியோட அடியில தொடாம தண்ணில தொங்கவிட்டு, சூடு பண்ணி, எத்தனை டிகிரில திறக்குதுன்னு தெர்மாமீட்டர் வெச்சு பாத்துக்கங்க. சின்ன ஊசி ஆடுற ஓட்டை இருந்தா அது மேல்பக்கம் வரணும், காத்து வெளிய போற வழி அதுதான்.